பெஞ்சு மிஸ்

“இன்னைக்கும் எல்லாப் பெஞ்சையும் நான்தான் நகத்தினேன் அண்ணி. இடுப்பு போச்சு.”

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் என் நாத்தனார் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு இதுதான். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். தோள் பையைப் பொத்தென்று போட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக நிமிர்ந்து, அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள். நான் அடுப்படியிலிருந்தே “ம்” என்பேன். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் “அப்ப நகத்தாதே” என்பார். வருஷக்கணக்காக இதே மூன்று வசனம். எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற நாடகம் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அவள் வெளியில் போய் நடத்துகிறாள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிற எல்லோரும் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். அவள் நாடக நடிகை. டிவியில் அழுகிறவள் இல்லை, மேடையில் நடிக்கிறவள். அந்த நடிப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பு நடத்துவது அவள் தொழில். திங்கட்கிழமை ஒரு பள்ளி, செவ்வாய்க்கிழமை இன்னொன்று. எந்தப் பள்ளியிலும் அவளுக்கென்று மேஜை கிடையாது. சாப்பாட்டு டப்பாவை ஓரிடத்தில் மாடிப்படியிலும் இன்னோரிடத்தில் விளையாட்டுச் சாமான் அறையிலும் வைத்துத் திறப்பாள்.

“பிள்ளைங்களை நடிகர் ஆக்கறீங்களா?” என்று யாராவது கேட்டால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். அறிவியல் வாத்தியார் ரத்த ஓட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டுப் போயிருப்பார். இவள் போய் வகுப்பையே இதயமாக்கிவிடுவாள். சிலர் கைகோத்து வால்வு. மீதிப் பிள்ளைகள் ரத்தம். வால்வு திறந்தால் உள்ளே, மூடினால் நில். ஒருமுறை வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரப் பையன் வால்வில் சிக்கிக்கொள்ள, “மிஸ், அடைப்பு! அடைப்பு!” என்று மொத்த ரத்தமும் கத்தியிருக்கிறது. அந்தப் பையனுக்கே அதில் ஒரே பெருமை. மறுநாள் அறிவியல் வாத்தியார் கேள்வி கேட்டபோது அவன்தான் முதலில் கை தூக்கினானாம். வாயைத் திறந்தே பழக்கமில்லாதவன்.

இதற்கெல்லாம் வகுப்பில் இடம் வேண்டாமா? அங்கேதான் பெஞ்சு வருகிறது. முந்தின பாடம் முடிந்து மணி அடித்ததும் இவள் ஓடிப்போய், ஒவ்வொரு பெஞ்சின் காலடியிலும் சாக்பீஸால் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்குவாள். பாடம் நடத்துவாள். அடுத்த வாத்தியார் வருவதற்குள் புள்ளி பார்த்துப் பழையபடி போட்டுவிட்டு, புள்ளிகளைக் காலால் தேய்த்து அழிப்பாள். ஒரு பெஞ்சு கோணலாக இருந்தாலும் புகார் வரும். தினமும் இப்படி எத்தனை வகுப்போ, அத்தனை தடவை. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கிற பெயரே பெஞ்சு மிஸ்.

“வளர்ந்த தடியனுங்க அத்தனை பேர் இருக்காங்களே, அவங்களைத் தள்ளச் சொல்றதுக்கென்ன?” என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

“அவங்க தள்ளினா தரதரன்னு சத்தம் வரும் அண்ணி. கீழ் கிளாஸ்ல இருந்து ஆள் அனுப்புவாங்க. ரெண்டு தடவை ஆள் வந்தா, நாடகம் வேணாம்னு நிறுத்திடுவாங்க.”

இந்த வருஷம் இடுப்பு நிஜமாகவே போய்விட்டது. ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல், பக்கவாட்டில் உருண்டு, தரையில் கைவைத்து எழுந்தாள். அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருமுனைப் பல் டாக்டரிடம் போய்ப் பேசினேன். அவருடைய கிளினிக்கில் முன்னால் உட்கார்ந்து போன் எடுத்து, வருகிறவர்களை உட்கார வைத்து உள்ளே அனுப்ப ஆள் தேவைப்பட்டது. வேலை முழுக்க உட்கார்ந்துதான். சக்கரம் வைத்த நாற்காலி. இவளுக்கோ நல்ல குரல். பல்வலிக்காரனை அந்தக் குரலாலேயே பாதி சமாதானம் பண்ணிவிடுவாள். டாக்டருக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்.

இவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சண்டை போடுவாள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். “சரி அண்ணி” என்றாள். அவ்வளவு களைப்பு. நாற்பதைத் தாண்டிய ஒருத்தி தான் ஆசைப்பட்டுப் பிடித்த வேலையை விடச் சொன்னதும் ஒரு முறைகூட முறைக்காமல் சரி என்றால், உடம்பு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால் அதே வெள்ளிக்கிழமைதான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழில் அறிமுக நாள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வேலையிலும் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். அதை ஏற்பாடு செய்கிற சின்ன வயது டீச்சர் எப்போதோ இவளிடம் கேட்டிருந்தாள்: “மிஸ், கலைஞராவும் இருந்து, கத்துக் கொடுக்கவும் செய்யற வேலைன்னு ஒண்ணு இருக்கறதே நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாது. நீங்க வந்து சொல்லணும்.” இடுப்பு நன்றாக இருந்த காலத்தில் இவளும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“நானே விட்டுட்டு ஓடறேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைங்களை இந்த வேலைக்கு வாங்கன்னு கூப்பிடறது?”

“போகாதே.”

“வரேன்னு சொல்லிட்டேனே.”

“அப்ப போ.”

“நீங்களும் அண்ணன் மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டீங்க.”

இதைவிடப் பெரிய திட்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் வாங்கியதில்லை. அதனாலேயே, மறுநாள் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். பை கனமென்றால் அப்படி ஒரு கனம். ஒரு சின்ன மேளம், கயிறு, பழைய தொப்பிகள், துண்டுகள், ஒரு இரும்பு மணி. இதைத்தான் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சுமந்திருக்கிறாள். பெஞ்சை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

பள்ளியில் எங்களுக்குக் கொடுத்தது மாடியில் கடைசிப் பெரிய அறை. “மத்த ரூமெல்லாம் நிரம்பிடுச்சு மிஸ்” என்று சொல்லிவிட்டு அந்தச் சின்ன டீச்சர் அடுத்த அறைக்கு ஓடினாள். அறைக்கு நேர் கீழேதான் தலைமை ஆசிரியையின் அறை. உள்ளே பெஞ்சுகள் அழகாக, நூல் பிடித்த மாதிரி வரிசையில் நின்றன. எழுதுகிற பலகையும் உட்காருகிற பலகையும் ஒன்றாக இணைத்த கனமான வகை. நாத்தனார் கதவருகே நின்று பெருமூச்சு விட்டாள். அவளுக்குப் பெஞ்சு என்றால் அதன் கால்கள்தான். மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் எப்போதும் எதையாவது ஒட்டித்தான் வைத்திருப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் வந்தார்கள். ஏற்கெனவே ஒரு வங்கிக்காரரும் ஒரு நர்ஸும் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒருவரும் பேசி முடித்திருந்தார்கள். பிள்ளைகளின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒருவன் கொட்டாவி விட்டால் அது வரிசை முழுக்கப் போய்த் திரும்பி அவனிடமே வந்தது.

இவள் மனப்பாடம் பண்ணி வந்ததை ஆரம்பித்தாள். “கலையும் கல்வியும் கைகோக்கும் ஓர் அரிய பணி...” எனக்குக் கூச்சமாகிவிட்டது. ‘ஓர் அரிய’ என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நல்ல நடிகைதான், ஆனால் நம்பாத வசனத்தைப் பேசினால் அவளுக்குக் குரல் தட்டையாகிவிடும். அன்றைக்குத் தட்டையாகத்தான் இருந்தது.

நடு வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். “மிஸ், நீங்க டீச்சரா, ஆர்ட்டிஸ்ட்டா?”

“ரெண்டும்தான். டீச்சர்ஸ் ரூமுக்குப் போனா ஆர்ட்டிஸ்ட்னு சொல்லி நாற்காலி தர மாட்டாங்க. நாடகக்காரங்ககிட்ட போனா டீச்சர்னு சொல்லிச் சின்ன வேஷமா கொடுப்பாங்க.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதுவரை இல்லாத சத்தம் அது.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே உயரம். உட்கார்ந்தபோதும் தலை மட்டும் தனியாக மேலே தெரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அவளை ‘டவர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கை தூக்காமலே கேட்டாள்: “மிஸ், இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?”

நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாத்தனார் இடுப்பில் கையை வைத்தாள். “பிடிச்சிருந்துச்சு. இப்போ களைப்பா இருக்கு. சும்மா சொல்லல, நிஜமாவே ரொம்பக் களைப்பா இருக்கு. இன்னைக்கு உங்களை இந்த வேலைக்கு வாங்கன்னு கூப்பிட என்னால முடியாது. என்ன வேலைன்னு காட்ட மட்டும் முடியும். வாயால சொன்னா புரியாது. எழுந்திரிங்க.”

எழுந்தார்கள்.

“முதல் வேலை பெஞ்சை நகத்தறது. நான்தான் எப்பவும் நகத்துவேன். இன்னைக்கு என்னால குனிய முடியாது, நீங்க நகத்துங்க. ஆனா ஒண்ணு.” என் மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்துச் சுருட்டி, அறையின் நடுவில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். “இது கைக்குழந்தை. இப்பத்தான் தூங்குச்சு. எழுப்பி விட்டவங்கதான் மறுபடி தூங்க வைக்கணும்.”

இது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் வைக்கிற விளையாட்டு. தூங்குகிற குழந்தையைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வளர்ந்த பிள்ளைகள் கிண்டல் பண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன். பண்ணவும் செய்தார்கள். ஒருவன் துண்டைப் பார்த்து “அப்படியே அப்பா ஜாடை மிஸ்” என்றான். ஆனால் பெஞ்சைத் தொட்டதும் மாறிப் போனார்கள். பக்கத்துக்கு இரண்டு பேராகத் தூக்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு பெஞ்சு சுவரில் லேசாக இடித்ததும் எல்லோரும் சேர்ந்து அந்தத் துண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிப் பெஞ்சும் தரையில் உட்கார்ந்தது. தரதர என்ற சத்தமே இல்லை.

நாத்தனார் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் வந்து, “அண்ணி, இத்தனை வருஷமா இந்த விளையாட்டை ஊர் ஊரா வெச்சிருக்கேன். பெஞ்சு நகத்த இதையே வெக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க” என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளைகள் எதிரில் வேறென்ன பண்ண முடியும்?

காலியான அறையில் அவள் வேலையைக் காட்ட ஆரம்பித்தாள். பாதிப் பேர் கண்ணை மூட, மீதிப் பேர் கை தொடாமல் பேச்சால் மட்டும் அவர்களை அறையைச் சுற்றிக் கூட்டிப்போக வேண்டும். “ரைட்டுல போ, போடா, ரைட்டுன்னா சோறு திங்கற கை!” என்று ஒருத்தி கத்தினாள். “நான் லெஃப்ட்டுலதான் திம்பேன்” என்று அவன் போய்ச் சுவரில் முட்டினான். நாத்தனார் குரல் தட்டையாக இருந்ததெல்லாம் போய்விட்டது. இடையிடையே சொல்லிக்கொண்டே வந்தாள்: பார்த்தீங்களா, அவனுக்கு வழி தெரியல, அவளுக்குச் சொல்லத் தெரியல. இதுல யாருக்கு எது வரலைன்னு ஓரமா நின்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. கண்டுபிடிச்சதும் அதை மூஞ்சிக்கு நேரா சொல்லாம, வர வைக்கணும். அது ரெண்டாவது வேலை.

டவர் மட்டும் விளையாட வரவில்லை. ஜன்னல் திட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது.

வந்தவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் அவரை ஸ்கேல் சார் என்பார்கள். பெஞ்சு வரிசையைக் கயிறு கட்டி நேர்ப்படுத்துகிறவர். மறுநாள் காலை அந்த அறையில் மேல் வகுப்புகளுக்குப் பரீட்சை. பக்கத்தில் பக்கத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் வராதபடி மாற்றி மாற்றி எண் போட்டு, சீட்டு ஒட்டி, மத்தியானம்தான் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே கேட்கிற பேச்சு என்று நினைத்துத்தான் அந்தச் சின்ன டீச்சர் இந்த அறையைக் கொடுத்திருக்கிறாள். பெஞ்சு மிஸ் எந்த அறைக்குள் போனாலும் முதலில் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியாது.

ஸ்கேல் சார் சுவரோரம் குவிந்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தார். அவருக்குக் குரலே எழவில்லை. எழுந்தபோது இடி மாதிரி எழுந்தது.

“யாரு... யாரும்மா இதை...”

“சார், மெதுவா, குழந்தை” என்றான் ஒருவன், பழக்க தோஷத்தில்.

“பரீட்சை ஆபீசர் கீழ ஹெச்.எம். ரூம்ல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கார்! குடிச்சுட்டு நேரா மேல வந்து பார்த்து, ரூமைப் பூட்டி சீல் வைப்பார்! இதைப் பார்த்தா என் கதி என்ன ஆகும் மிஸ்? உங்க கதியும்தான். நாடகம் கீடகம்னு இனிமே ஒண்ணும் இருக்காது!”

நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “நாளைக்குப் பரீட்சைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மிஸ்.”

“ஏண்டா சொல்லல?”

“நீங்க கேட்கல மிஸ். நல்லாவும் இருந்துச்சு.”

எனக்கு ஒன்று தோன்றியது, மறைக்காமல் எழுதுகிறேன். சாயங்காலம் எப்படியும் விடப் போகிற வேலை. போனால் போகட்டுமே, பையைத் தூக்கு, கிளம்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். களைத்து விடுவது வேறு, இப்படி அவமானப்பட்டு விடுவது வேறு.

“சார், எந்தச் சீட்டு எங்கேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

“ஞாபகமா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

“சொல்லுங்க. ஆனா கிசுகிசுன்னு சொல்லுங்க. கீழ கேட்கக் கூடாது. எல்லாரும் தூக்குங்க. குழந்தை இன்னும் தூங்குது.”

எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கியதுதான் தப்பாகப் போயிற்று. முன் வரிசைக்குப் போகிற பெஞ்சும் பின் வரிசைக்குப் போகிற பெஞ்சும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. நீ போ, நீ போ என்று வாயசைப்பிலேயே சண்டை. ஸ்கேல் சார் கிசுகிசுக்கத் தெரியாதவர். அவருடைய கிசுகிசு பாம்பு சீறுகிற மாதிரி இருந்தது, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நாத்தனார் நடுவில் போகக் காலெடுத்து வைத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

டவர் ஜன்னலிலிருந்து இறங்கினாள்.

ஒன்றும் பேசாமல் நடுவில் வந்து இரண்டு கையையும் கீழே தாழ்த்திக் காட்டினாள். எல்லோரும் பெஞ்சைக் கீழே வைத்தார்கள். ஸ்கேல் சாரின் பக்கத்தில் போய், அவர் சொல்வதைக் காதில் வாங்கி, கடைசி வரிசைக்காரர்களை மட்டும் விரலால் கூப்பிட்டாள். அவர்கள் போய் வைத்த பிறகு அதற்கு முந்தின வரிசை. குட்டையான ஒருவன் பெஞ்சின் முனையைப் பிடிக்க முடியாமல் கை நழுவ நழுவ வந்துகொண்டிருந்தான். அவனை விலகு என்று சொல்லவில்லை. “டேய், நீ முன்னால நடந்து வழி காட்டு, இவங்களுக்குப் பார்க்க முடியல” என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவன் இடத்தில் தன் கையைக் கொடுத்தாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான்.

என் தோளிலிருந்த பிடி தளர்ந்தது. நாத்தனார் ஆசிரியர் மேடையின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். வகுப்பு நடக்கும்போது அவள் உட்காரவே மாட்டாள் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, டவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

“அவ கண்டுபிடிச்சுட்டா அண்ணி” என்றாள்.

“எதை?”

“அவனுக்கு வரலைங்கறதை. சொல்லாமலே மாத்திட்டா பாருங்க.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது கடைசிப் பெஞ்சு இறங்கியிருந்தது. பரீட்சை அதிகாரி தலைமை ஆசிரியையோடு உள்ளே வந்தார். பிள்ளைகள் சுவரோரம் மூச்சு வாங்கிக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக நின்றார்கள். அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். ஒரு பெஞ்சு முதுகைக் காட்டிக்கொண்டு பின்சுவரைப் பார்த்து நின்றது.

“இது ஏன் இப்படி?”

“வெளிச்சத்துக்காக” என்றார் ஸ்கேல் சார், கண் சிமிட்டாமல். பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவரே அதைத் திருப்பிப் போட்டார். அதிகாரி தரையில் கிடந்த துண்டைக் காட்டி, “இது?” என்றார். நான் போய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஸ்கேல் சார் நாத்தனாரிடம், “இனிமே பெஞ்சைத் தொடறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, “சத்தமே கேட்கலையே, எப்படி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

டவர் வாசல்வரை எங்கள் கூடவே வந்தாள்.

“மிஸ், எனக்கு நடிக்க வராது. எல்லாரும் பார்த்தா கை காலெல்லாம் கல்லாயிடும். ஆனா மத்தவங்க பண்றப்ப எங்க உதைக்குதுன்னு தெரியுது. அது போதுமா இந்த வேலைக்கு?”

“போதாது. நடிக்கவும் கத்துக்கணும். மேடையில நின்னு நீயும் நடுங்கினாத்தான் நடுங்கறவங்களைத் தெரியும். ஆனா அதைக் கத்துக் கொடுத்துடலாம். உன்கிட்ட இருக்கறதைத்தான் கத்துக் கொடுக்க முடியாது.”

“என்ன படிக்கணும்?”

“முதல்ல இந்தப் படிப்பை ஒழுங்கா முடி. அப்புறம் நாடகமோ பாட்டோ படமோ, ஒரு கலையை நல்லா கத்துக்க. கூடவே வாத்தியார் வேலைக்கும் படி. ரெண்டுல ஒண்ணு அரைகுறையா இருந்தாலும் பிள்ளைங்க கண்டுபிடிச்சுடும். வீட்டுல என்ன சொல்வாங்க?”

“அம்மா திட்டுவாங்க.”

“திட்டட்டும். எங்க வீட்டுல இன்னும் திட்டறாங்க” என்று என்னைக் காட்டினாள்.

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு, “அடுத்த வருஷமும் நீங்க வருவீங்கல்ல மிஸ்?” என்று கேட்டாள். நாத்தனார் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.

பஸ்ஸில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நாத்தனார் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, முதல் முறையாகப் பெஞ்சைப் பற்றி எதுவும் சொல்லாமல் நேராகப் போனை எடுத்தாள். வீட்டுக்காரர் தன் வசனத்தைச் சொல்லக் காத்திருந்து ஏமாந்து போனார்.

“டாக்டர், காலையில மட்டும் வரலாமா? மத்தியானத்துக்கு மேல ஸ்கூல் இருக்கு.”

முழு நாள் என்றால் வாங்க, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அவர் மேலும் தப்பில்லை. பல் வலிக்கு மத்தியானம் சாயங்காலம் தெரியாது.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அப்ப வேற ஆள் பார்த்துக்கங்க டாக்டர். மன்னிச்சுக்கங்க.”

எனக்குக் கோபம் வந்தது, ஏன் வராது? சக்கரம் வைத்த நாற்காலி ஆயிற்றே. “இடுப்பு?” என்றேன்.

“இருக்கு” என்றாள். “பெஞ்சை இனி நான் தொட மாட்டேன் அண்ணி. பிள்ளைங்க தூக்கட்டும். தூக்கறதையே பாடமா வெச்சுக்கறேன்.”

“களைப்பு?”

“அதுவும் இருக்கு.”

இதெல்லாம் நடந்து மாதக்கணக்காகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு வராது. பஸ் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது, பை அதே கனம், சாப்பாட்டு டப்பாவுக்கு இன்னும் மாடிப்படிதான். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு போகிறாள். சாயங்காலம் வந்ததும் சுவரைப் பிடித்து நிமிர்கிறாள். சொல்வது மட்டும் மாறியிருக்கிறது: “இன்னைக்கும் ஒரு பெஞ்சு கோணல் அண்ணி. பார்த்தும் பார்க்காத மாதிரி நின்னுட்டேன். அதுதான் கஷ்டம்.” நான் ‘ம்’ என்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் புது வசனம் தேடிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமைகளில் அதே பள்ளியில், அதே மாடி அறையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கிறாள். பாதி நேரம் டவர்தான் நடத்துகிறாள். இவள் ஓரமாக மேடை விளிம்பில் உட்கார்ந்து பார்க்கிறாள். ஸ்கேல் சார் ஏதோ வேலை இருக்கிற மாதிரி வாசலில் வந்து நிற்கிறார். டவருடைய அம்மா ஒரு நாள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டு, திட்டாமல் போனாளாம். இப்போதைக்கு அது போதும்.

உங்கள் வீட்டிலும் பதினோராம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஒரு பிள்ளை இருக்கும். மேலே என்ன படிக்கிறது என்று கேட்டால் கூரையைப் பார்க்கும். அதைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். வேறு யாரையும் கேட்க வேண்டாம், பெஞ்சு மிஸ் எங்கே என்றால் வாட்ச்மேனே கை காட்டுவார். உள்ளே போனதும் உட்கார இடம் தேடாதீர்கள், இருக்காது. பெஞ்சு தூக்க ஆள் குறைந்தால் ஒரு முனையைப் பிடியுங்கள். சத்தம் மட்டும் வேண்டாம்.